மூடாக்கா, படர்செடியா?

தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

"மண்ணை வெறுமையாக வெயிலில் விடாதீர்கள்" என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சரி, எதைக் கொண்டு மூடுவது? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. வீட்டுக்குப் பின்னால் நான்கு காய்கறிப் பாத்திகள், முன்பக்கம் வேலியோரம் நீளமாக ஒரு மண் பட்டை, நடுவில் இளம் எலுமிச்சை மரம் ஒன்று. எங்கும் களை. காய்ந்த இலையும் வைக்கோலும் போட்டு மூடச் சொல்கிறார் ஒருவர். படரும் செடியை நட்டுவிட்டால் அப்புறம் வேலையே இல்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதையும் கேளுங்கள், ஆனால் ஒரே இடத்துக்கு அல்ல. நீங்கள் ஒரே தோட்டம் என்று நினைப்பதில் மூன்று வகை நிலம் இருக்கிறது.

காய்கறிப் பாத்திக்கு மூடாக்குதான், அதாவது காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றைப் பரப்பி மண்ணை மூடுவது, சந்தேகமே வேண்டாம். தக்காளியும் கத்தரியும் சில மாதங்களில் முடிந்துவிடும். பாத்தியைக் கிளறுவீர்கள், உரம் இடுவீர்கள், அடுத்த நாற்றை நடுவீர்கள். அந்த இடத்தில் படர்செடி இருந்தால் ஒவ்வொரு முறையும் அதைக் கிழித்துத்தான் நட வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், படர்செடியும் ஒரு செடி என்பது. வெயில் மண்ணில் படாமல் தடுக்கிறது, உண்மை. ஆனால் தன் இலை வழியாக அதுவும் நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. காய்கறிச் செடிகளின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவும், படர்செடியின் வேரும் அங்கேதான் போகும். தண்ணீர் தாராளமாக இருக்கும் இடத்தில் இது பெரிய விஷயமில்லை. தட்டுப்பாடு வரும் கோடையில் காய்கறிதான் முதலில் வாடும். காய்ந்த இலை எதையும் குடிக்காது.

வேலியோரப் பட்டைக்குப் படர்செடி. அங்கே நட்டபின் யாரும் மண்ணைக் கிளறப் போவதில்லை. மூடாக்கு மட்டும் போட்டால் வருடா வருடம் மட்கிக் குறையும், நீங்கள் மறுபடி மறுபடி கொண்டுவந்து கொட்ட வேண்டியிருக்கும். செடி ஒருமுறை தரையைப் பிடித்துவிட்டால் அந்தச் சுமை இல்லை. ஆனால் "வேலையே இல்லை" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூடாக்குக்குத் தீனி போட வேண்டும், படர்செடிக்கு எல்லை போட வேண்டும். இரண்டில் எந்த வேலை உங்களுக்குத் தோது என்பதுதான் கேள்வி.

எலுமிச்சை இளசாக இருப்பதால் அதற்கும் மூடாக்கே. கிளைகளின் விளிம்பு வரை போடுங்கள், அடிமரத்தைச் சுற்றி மட்டும் ஒரு சாண் அளவுக்கு வெறுமையாக விட்டுவிடுங்கள். பட்டையை ஒட்டி ஈரம் தேங்கினால் எலுமிச்சை வகை மரங்களில் அடித்தண்டு அழுகல் எளிதாக வந்துவிடும். மரத்தைச் சுற்றி மலைபோல் குவித்து வைப்பதைப் பல தோட்டங்களில் பார்க்கிறேன். அது மரத்துக்குச் செய்யும் நல்லது அல்ல. குவியல் வேண்டாம், வளையம் போதும்.

எவ்வளவு போடுவது என்று எல்லோரும் கேட்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இலை, வைக்கோல், மரச்சில்லு எதுவானாலும் 5 முதல் 10 செ.மீ. கனம். 8 செ.மீ. கனத்துக்கு ஒரு சதுர மீட்டரை மூட 80 லிட்டர் தேவை, அதாவது 20 லிட்டர் வாளியில் நான்கு வாளி. காய்ந்த இலையும் வைக்கோலும் சீக்கிரம் அமுங்கிப் பாதியாகும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே எடுத்து வையுங்கள். பச்சையாக வெட்டிய புல் மட்டும் விதிவிலக்கு. அதை 2 அல்லது 3 செ.மீ.க்கு மேல் போட்டால் பாய்போல் ஒட்டிக்கொண்டு, உள்ளே சூடாகி நாற்றம் எடுக்கும். மெல்லியதாகத் தூவி, காய்ந்த பிறகு அடுத்த அடுக்கு.

மூடாக்கு போடும் முன் மண் நனைந்திருக்க வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் கனமாகப் போட்டுவிட்டால், சின்னத் தூறல் முழுவதையும் மேலடுக்கே குடித்துவிடும், வேருக்கு ஒன்றும் போகாது. சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது மூடாக்குக்கு அடியில் இருக்கட்டும்.

காய்கறிப் பாத்தியில் களை தவிர இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் அது மோதும்போது மண்துகளும் அதிலுள்ள பூஞ்சை வித்துகளும் தெறித்துக் கீழ் இலைகளில் ஒட்டுகின்றன. தக்காளியில் இலைக்கருகல் பெரும்பாலும் அடியிலைகளில் ஆரம்பிப்பதற்கு இது ஒரு காரணம். ஒரு மழைக்குப் பிறகு மூடாக்கு இல்லாத செடியின் அடியிலையைத் திருப்பிப் பாருங்கள், மணல் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும். மூடாக்கு போட்ட செடியில் இலை சுத்தமாக இருக்கும்.

கோரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மூடாக்கு தடுப்பது விதையிலிருந்து முளைக்கும் சின்னக் களைகளைத்தான், வெளிச்சம் கிடைக்காமல் அவை நின்றுவிடும். கோரைக்கு அது பொருட்டே இல்லை. கிழங்கில் சேமித்த பலத்தோடு வருவதால் அதன் கூரான முளை பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு மேலே வரும். கிழங்குகள் சரம்போல் கோத்திருக்கும், ஈரமான நாளில் தோட்ட முள்கரண்டியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். அருகம்புல்லும் அப்படியே. இந்த இரண்டையும் ஒழிக்காமல் மேலே எதை மூடினாலும் வீண், படர்செடி நட்டால் இன்னும் மோசம். செடிக்கு நடுவே சிக்கிய கோரையைப் பிரித்தெடுப்பது மிகவும் கஷ்டம்.

கேள்வி: சரி, வேலியோரத்தில் படர்செடிதான் என்று முடிவு செய்துவிட்டேன். எந்தச் செடி, எவ்வளவு நெருக்கமாக நடுவது?

முதலில் நெருக்கம், ஏனென்றால் பலரும் கைவிடுவது இங்கேதான். 30 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 11 செடி. 20 செ.மீ. இடைவெளி என்றால் 25 செடி. செலவை நினைத்து எட்ட எட்ட நடுகிறோம். செடிகள் கைகோத்துக்கொள்வதற்குள் இடையில் இருக்கும் வெறும் மண்ணைக் களை பிடித்துவிடுகிறது. அதனால் படர்செடி நட்ட இடத்துக்கும் முதல் வருடம் மூடாக்கு வேண்டும். நாற்றுகளுக்கு இடையில் 5 செ.மீ. போதும், கனமாகப் போட்டால் படரும் தண்டு மண்ணைத் தொட முடியாது, கணுவில் வேர் விடாது. செடி நகர நகர அந்த மூடாக்கு மட்கி மறையும். "மூடாக்கா, படர்செடியா" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். நிலையாக இருக்கும் இடத்தில் மூடாக்கு முன்னால் போகும், படர்செடி பின்னால் வரும்.

செடி எது என்பதை வெயிலும் ஈரமும்தான் சொல்ல வேண்டும். நல்ல வெயில் படும் இடம், அவ்வப்போது கால் படும் என்றால் பொடுதலை. தரையோடு தரையாகப் படுத்து, கணுவுக்குக் கணு வேர் விடும். குட்டிக் குட்டிப் பூவுக்குத் தேனீ வந்துகொண்டே இருக்கும். வெயிலும் வறட்சியும் சேர்ந்த ஓரம் என்றால் பத்துமணிப் பூ. பாதி நிழல், ஈரம் என்றால் வல்லாரை. குளிரான ஊர்களில் இருப்பவர்களுக்கு வெள்ளைக் குளோவர் நன்றாக வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது மஞ்சள் பூப் பூக்கும் படர்கடலை. நர்சரியில் பின்டோய் என்று கேட்டால் தருவார்கள், உறைபனி விழும் இடத்துக்கு மட்டும் ஒத்துவராது. பயறு வகையைச் சேர்ந்தது என்பதால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்து வேர் முடிச்சில் வைத்துக்கொள்ளும். ஒரு செடியை மெதுவாக மண்ணோடு எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். செடி உயிரோடு வளரும்வரை அந்தச் சத்தில் பெரும்பகுதி அதற்கே. வெட்டிப் போட்டு மட்கும்போதுதான் பக்கத்துச் செடிக்குப் போகும். ஆகவே பயறு வகைப் படர்செடியை அவ்வப்போது கத்தரித்து அங்கேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மா, நான் கல்லூரியில் படிக்கிறேன், தோட்டம் புதிது. மரப்பட்டறையில் கிடைத்த மரத்தூளை மிளகாய்ப் பாத்தியில் நிறையக் கொட்டி, மண்ணோடு கலந்தும் விட்டேன். இரண்டே வாரத்தில் இலை எல்லாம் மஞ்சள். மரத்தூளில் விஷம் ஏதாவது இருக்குமா?

எந்த இலை மஞ்சள், தம்பி? அதை நீ எழுதவில்லை. அடியில் இருக்கும் முதிர்ந்த இலைகள் முழுதாக வெளுத்து வந்தால் அது தழைச்சத்துக் குறை. நுனியில் இருக்கும் புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் வேறு காரணம், பெரும்பாலும் இரும்புச்சத்து கிடைக்காதது. நீ சொல்வதைப் பார்த்தால் முதலாவதுதான் என்று நினைக்கிறேன்.

விஷம் என்று பயப்படாதே. மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 300 முதல் 500 பங்கு கரி (கார்பன்) இருக்கும். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தோதான உணவு 25 பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்து. மரத்தூளில் அது இல்லாததால், மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன. வேருக்குப் பஞ்சம் வந்துவிடுகிறது. மேலே பரப்பியிருந்தால் இந்த இழுபறி மண்ணும் தூளும் தொடும் மெல்லிய இடத்தோடு நின்றிருக்கும். கலந்ததால் வேர் மண்டலம் முழுக்க நடக்கிறது.

இனி மேலே கிடக்கும் தூளை ஒதுக்கிவிடு. கலந்ததை எடுக்க முடியாது, விட்டுவிடு. புளிக்கவைத்த பிண்ணாக்குக் கரைசலை நன்றாக நீர்த்து, வாரம் ஒரு முறை அடியில் ஊற்று. புதிதாக வரும் இலைகள் பச்சையாக வரும், மஞ்சளாகிப்போனவை பெரும்பாலும் தேறாது, அதைப் பார்த்துக் கவலைப்படாதே. ஒதுக்கி வைத்த தூளை நடைபாதையில் போடு. அங்கே களைக்குத் தழைச்சத்து கிடைக்காமல் போனால் நல்லதுதானே. ஒட்டுப்பலகை அறுத்த தூள், மருந்து அடித்த மரத்தின் தூள் மட்டும் தோட்டத்துக்குள்ளேயே வரக்கூடாது.

கேள்வி: களைத்தடுப்புத் துணி விரித்து மேலே கூழாங்கல் போடலாம் என்கிறார் தோட்டம் அமைப்பவர். ஒரே செலவில் முடிந்துவிடுமாம்.

முடியாது. முதல் வருடம் அழகாக இருக்கும். அப்புறம் காற்றில் வரும் தூசியும் உதிரும் இலையும் கல்லுக்கிடையில் மட்கி மண்ணாகும், அதில் களை முளைத்து வேரைத் துணிக்குள் கோத்துக்கொள்ளும். பிடுங்கினால் துணியும் சேர்ந்து வரும். கீழே உள்ள மண்ணுக்கு மட்கு எதுவும் போய்ச் சேராது. கல் வெயிலில் சூடேறி இரவிலும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். சதைப்பற்றுள்ள செடிகள், அடியில் ஈரம் பட்டால் அழுகும் செடிகள், இவற்றுக்குக் கல் நல்லது. மற்ற இடத்துக்கு, துணிக்குப் பதில் பழைய அட்டைப்பெட்டியை விரியுங்கள். ஒட்டுநாடாவை உரித்துவிட்டு, ஓரங்கள் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, நன்றாக நனைத்து, மேலே மூடாக்கு. களை அடங்கும் வரை இருந்து, தானாக மட்கிவிடும்.

கேள்வி: பெரிய மரத்தடியில் எதுவுமே வரமாட்டேன் என்கிறது. புல் வைத்தேன், போனது. புது மண் கொட்டிப் படர்செடி நடலாமா?

மண் கொட்டாதீர்கள், தயவுசெய்து. மரத்தின் உணவு வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன, அவற்றுக்குக் காற்று வேண்டும். மேலே கனமாகப் புது மண் ஏறினால் வேர் மூச்சு முட்டும். அதன் விளைவு உடனே தெரியாது, சில வருடம் கழித்து உச்சிக்கிளை காயத் தொடங்கும்போது யாருக்கும் காரணம் ஞாபகம் இருக்காது.

அங்கே செடி வராததற்கு நிழல் பாதிக் காரணம், மரம் தண்ணீரை முந்திக் குடிப்பது மீதிக் காரணம். என்னைக் கேட்டால், மரம் உதிர்க்கும் இலையைப் பெருக்கி எரிப்பதை நிறுத்துங்கள், அதுவே போதும். அந்த மரத்துக்கான மூடாக்கை அந்த மரமே தருகிறது. தடித்த இலையாக இருந்தால் கத்தியால் ஒருமுறை வெட்டிப் போடுங்கள், பறக்காது, சீக்கிரம் மட்கும். சில மாதம் கழித்து ஒரு கைப்பிடி இலையை விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த இலை, அதன் கீழே கறுத்து நரம்பு மட்டும் தெரியும் இலை, அதற்கும் கீழே வெள்ளை நூலாகப் பூஞ்சை. மண் விரலுக்கு உதிர்ந்து வரும், முதல் மழை வாசனை அடிக்கும். அந்த வெள்ளை நூலைப் பார்த்து நோய் என்று மருந்து அடித்துவிடாதீர்கள், இலையை மட்கச் செய்வதே அதுதான்.

பச்சை வேண்டும் என்றே ஆசையிருந்தால், வேர்களுக்கு இடையில் கிடைக்கும் சின்னச் சின்னக் குழிகளில், சின்ன நாற்றாக நடுங்கள். மாண்டோ புல் நிழலைத் தாங்கும். முதல் வருடம் முழுக்க அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். இளம் மரமாக இருந்தால் மட்டும் இந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள். புல்லோ படர்செடியோ அடியில் நெருங்கிய கன்று, மூடாக்கு போட்ட கன்றைவிடப் பின்தங்கியே வளரும்.

கேள்வி: மூடாக்கு போட்டால் பாம்பு, தேள், கரையான் வரும் என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கேட்காமல் இருந்தால்தான் தவறு. பாம்பு தேடி வருவது எலியையும் தவளையையும்தான். 8 செ.மீ. இலையில் பெரிய பாம்பு மறைவது கடினம், சின்னப் பாம்பு மறையலாம். முழங்கால் உயரம் அடர்ந்த படர்செடியிலும், மூலையில் குவித்த குப்பையிலும்தான் அது வசதியாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் படர்செடியைவிடப் பரப்பிய மூடாக்கே மேல். ஆனால் தேளும் பூரானும் மூடாக்கிலும் இருக்கலாம். வெறுங்கையை விட்டுத் துழாவாதீர்கள். முதலில் ஒரு குச்சியால் விலக்குங்கள், கையுறை போடுங்கள்.

வீட்டுச் சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு எதுவும் போடாமல் விட்டுவிடுங்கள், கரையான் வந்தாலும் அதன் மண்பாதை கண்ணுக்குத் தெரியும். அந்த வெறும் இடம் வேறொரு உயிருக்கும் உதவும். தேனீ இனங்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுபவை, வெயில் படும் வெறும் மண் கொஞ்சமாவது அவற்றுக்கு வேண்டும். மழைக்காலத்தில் ஓடில்லா நத்தை தொல்லை என்றால் நாற்றுகளைச் சுற்றி மூடாக்கை விலக்கி வையுங்கள், தண்டு முற்றியதும் மறுபடி இழுத்துவிடலாம். நேரடியாக விதைக்கும் பாத்தியிலும் இதே முறைதான்.

கேள்வி: வெடேலியா என்று மஞ்சள் பூவோடு ஒரு படர்செடி வைத்தோம். சீக்கிரமே தரையை மூடிவிட்டது. இப்போது பாத்தி, பாதை, பக்கத்து மனை எல்லாம் அதுதான். எப்படி ஒழிப்பது?

உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கும் செடி இது. "வேகமாக மூடும்" என்று விற்கப்படும் எதையும் வாங்கும் முன் "எங்கே நிற்கும்" என்றும் கேளுங்கள்.

வெட்டித் தள்ளினால் பெருகும், ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. மண் ஈரமாக இருக்கும்போது ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே போங்கள், அறுந்து நின்ற வேரைக் கொத்தி எடுங்கள். எடுத்த இடத்தில் நனைத்த அட்டை, மேலே 15 செ.மீ. மூடாக்கு. பல மாதங்களுக்கு வாரம் ஒரு முறை விளிம்பைச் சுற்றி நடந்து பாருங்கள், புதுத்துளிரை விரலளவு இருக்கும்போதே பிடுங்கினால் எளிதாக வந்துவிடும். சுருட்டியதை உரக்குழியிலோ காலி மனையிலோ போடக் கூடாது. சிமென்ட் தரையில் விரித்து, தண்டு ஒடித்தால் மொறுமொறுவென முறியும் வரை காய வையுங்கள். பக்கத்து மனைக்காரரிடமும் பேசி இருவரும் சேர்ந்து செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த மழையில் வேலிக்குக் கீழே மறுபடி வந்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது தொட்டிகள் மட்டும். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தும், அளவு மட்டும் குறையும். தொட்டியில் 2 அல்லது 3 செ.மீ. தென்னை நார்த்தூளோ நொறுக்கிய இலையோ போதும், தண்டைத் தொடாமல். நீர் ஊற்றும் முன் அதை விலக்கி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். படர்செடி என்றால் பெரிய தொட்டியில், மரவகைச் செடியின் அடியில் மட்டும். 30 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் வேண்டாம், இரண்டு வேருக்கு அங்கே இடமில்லை.